சென்னியப்பண்ணன் காரில் இருபத்தொரு தட்டு

முட்டாள்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரொம்ப தூரம் அலைய வேண்டாம். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில், என் லேத்துப் பட்டறைக்கு நேர் எதிரே, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வந்தால் நாலு பேரையும் ஒட்டுக்காகப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு மட்டும் எங்கள் ரோடு கொஞ்சம் புத்தியோடு இருக்கும்.

மேஸ்திரி அர்த்தநாரி. வெல்டிங் வையாபுரி. மரவேலை மாதேசு. பெயிண்டர் சீரங்கன். கைவேலையில் குறை சொல்ல முடியாது. இவர்கள் கட்டிய பாடி லாரி கவிழ்ந்தாலும் நசுங்காது. தலையைத்தான் ஆண்டவன் பாடி கட்டாமல் வெறும் சேசிஸோடு அனுப்பிவிட்டான்.

இவர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் வினை. ஒருமுறை ஒரு லாரிக்காரர், "பெயிண்ட் காயற வரைக்கும் வண்டிய வெயில்ல நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேப்பமரத்து நிழல் நகர நகர லாரியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அந்த மரத்தைச் சுற்றி இன்னும் டயர் தடம் கிடக்கிறது.

இந்த அறிவாளிகளிடம்தான் கோழிப்பண்ணை சென்னியப்பண்ணன் தன் காரைக் கொண்டுவந்து விட்டார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கார். மஞ்சள் நிறம். உட்கார்ந்தால் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ரெண்டே சீட்டு. இஞ்சின் முன்னால் இல்லை. சீட்டுக்கு முதுகுப் பக்கம், காரின் நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கும். முன்னால் பானெட்டைத் திறந்தால் ஒரு தலையணையும் துண்டும் வைக்கிற அளவுக்குக் குழி. மொத்தக் காருக்கும் சாமான் வைக்க அவ்வளவுதான் இடம். முட்டை விற்கிற மனுசன், ஒரு அட்டை முட்டை வைக்க முடியாத காரை ஏன் வாங்கினார் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "வேகமாப் போகுமப்பா" என்றார். எங்கே போகிறார் என்றால், பண்ணைக்கும் வீட்டுக்கும். நடுவில் ரெண்டு கிலோமீட்டர்.

சும்மா இருந்தவரைச் சீண்டியது அவருக்கு வரப்போகிற சம்பந்திதான். பெருந்துறை மஞ்சள் மண்டி நஞ்சப்பன். விவரமான ஆள். அவர் பெண்ணுக்கும் சென்னியப்பண்ணன் பையனுக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயம் வைத்திருந்தது. பேச்சு முடித்த அன்றைக்கு நஞ்சப்பன் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, இதுல ஒரு தேங்காய்பழத் தட்டுகூட வெக்க முடியாதாட்டம் இருக்குதுங்களே" என்றார். கூடியிருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

சென்னியப்பண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. "வெள்ளிக்கிழம இருபத்தொரு சீர்த்தட்டும் இந்தக் கார்லதான் வரும். நானும் இந்தக் கார்லதான் வந்து உங்க வாசல்ல எறங்குவேன். இல்லீனா என்னைச் சென்னியப்பன்னு கூப்பிடாதீங்க" என்று சபையில் சொல்லிவிட்டார். கார் விற்ற கம்பெனியில் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைசியில் நேரே அர்த்தநாரியிடம் வந்தார்.

"இதா பாரப்பா. வெள்ளிக்கிழம காலைல ஏழு மணிக்கு இருபத்தொரு தட்டு வெக்க இதுல எடம் வேணும். வெளிய ஒரு கீறல் விழக்கூடாது. காரு ஒரு இஞ்சு ஒசரவும் கூடாது, நீளவும் கூடாது. என்னைக் கேக்காம எதையும் வெட்டக்கூடாது."

"ஆகட்டுங்க" என்றான் அர்த்தநாரி. அவர் போனதும் நாலு பேரும் முதல் வேலையாக நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளத் தீர்மானித்தார்கள், காரில் கீறல் விழக்கூடாதே என்று. ஆனால் அண்ணனைக் கேட்காமல் எதையும் வெட்டக்கூடாது. போன் போட்டார்கள்.

"அண்ணா, வெட்டிக்கலாமுங்களா?"

"என்னத்த?"

"நகமுங்க."

சென்னியப்பண்ணன் அப்போது துணிக்கடையில் பட்டுச்சேலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாராம். வெட்டிக்கோ என்றார். அரைமணி கழித்து, கயிறு வெட்டலாமா என்று கேட்டார்கள். அப்புறம் பிளைவுட். அப்புறம் மாதேசு முடி வெட்டிக்கொள்ளப் போகலாமா. அப்புறம் தர்ப்பூசணி, அதற்கு, முழுசாக வெட்டலாமா பாதி போதுமா என்று துணைக்கேள்வி வேறு. பதினோராவது போனில் அவர் கத்திய கத்து ரோட்டைத் தாண்டி எனக்கே கேட்டது.

"என்னத்தையோ பண்ணித் தொலைங்கடா! வெள்ளிக்கிழம எடம் இருக்கோணும், அவ்வளவுதான்! அந்தக் காரப் பத்தி இனி எவனாச்சும் எனக்குப் போன் பண்ணுனீங்க, நடக்கறதே வேற!"

"முழுப் பொறுப்பும் நம்மகிட்ட விட்டுட்டாரு" என்று அர்த்தநாரி மற்ற மூன்று பேருக்கும் விளக்கினான்.

அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார்கள்.

"மேஸ்திரி, இஞ்சினக் காணோமுங்க" என்றான் வையாபுரி.

அர்த்தநாரி எட்டிப் பார்த்தான். இருபது வருசமாக லாரி பார்த்தவன். லாரிக்கு இஞ்சின் முன்னால் இருக்கும். "களவு போயிருச்சு" என்றான்.

"இப்பத்தானுங்க ஓட்டிட்டு வந்து நிறுத்துனாரு" என்றான் மாதேசு.

"அப்ப நிறுத்துனதுக்கப்பறம்தான் போயிருக்கோணும். நம்ம பட்டறைலதான் களவு. உள்ளாளு வேல."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நாலு பேருடைய தூக்குப்போசிகளையும் வரிசையாக வைத்துத் திறந்து சோதனை போட்டார்கள். மூன்றில் தயிர்சோறு. ஒன்றில் எலுமிச்சஞ்சோறு. இஞ்சின் எதிலும் இல்லை. அதற்குள் சீரங்கன் பின்பக்க மூடியைத் திறந்துவிட்டு, "இங்க இருக்குதுங்கோ!" என்று கூவினான்.

எல்லாரும் பின்னால் ஓடினார்கள். இஞ்சின் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இஞ்சின் இருக்கற பக்கந்தானுங்க முன்பக்கம்?" என்றான் சீரங்கன்.

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இதுதானுங்க முன்பக்கம்."

"அப்படீனா அண்ணன் இத்தன நாளா ரிவர்ஸ்லயா ஓட்டிட்டிருந்தாரு?" என்று மாதேசு வாயில் கை வைத்தான்.

"பாவம், புதுக் காரு. யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க" என்றான் அர்த்தநாரி. அவன் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. சீரங்கன் அவன் வேலைக்குப் போனான். எந்த வண்டி பட்டறையை விட்டுப் போனாலும் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி, கீழே ஒரு திருஷ்டி முகம் வரைந்து அனுப்புவது அவன் வழக்கம். பின்பக்கம் எது என்று இப்போது முடிவாகிவிட்டதல்லவா? அந்த மஞ்சள் பானெட்டில், ரெண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவே, அழகான சிவப்பு எழுத்தில் எழுதி, நாக்கைத் துருத்திய முகத்தையும் போட்டான். கீறல் ஒன்றுகூட விழவில்லை.

புதன்கிழமை சென்னியப்பண்ணன் வீட்டிலிருந்து இருபத்தொரு வெள்ளித்தட்டும் அளவுக்கு வந்தன. முன்குழியில் ஒன்று வைத்தார்கள். சீட்டுக்கு அடியில் ஒன்றைத் திணித்தார்கள். பத்தொன்பது தட்டு மிச்சம். மேலே கேரியர் போடலாம் என்றால் கார் ஒரு இஞ்சு உயரக்கூடாது. பின்னால் பெட்டி கட்டலாம் என்றால் ஒரு இஞ்சு நீளக்கூடாது. நாலு பேரும் கையைப் பிசைந்துகொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்கள்.

எனக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. இரும்பு வளையம் மாதிரி ஒரு புஷ்ஷை மூன்றாவது தடவையாகக் கடைந்துகொண்டிருந்தேன். காதோரம் நின்றுகொண்டு, "அண்ணா, எடம் பத்தலீங்க, எடம் பத்தலீங்க" என்று ஒரே ராகம். எரிச்சலில் சொல்லிவிட்டேன்:

"அந்தக் கார்ல எடத்த அடச்சுட்டு நிக்கறது ஒண்ணே ஒண்ணுதான்டா, அந்த இஞ்சின்! அதைக் கழட்டி ஓரமா வெச்சீங்கன்னா இருபத்தொண்ணென்ன, அம்பது தட்டு வெக்கலாம். போங்கடா அந்தண்ட!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அர்த்தநாரி தலைத்துண்டை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். சரி, வெட்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், எதிர்ப் பட்டறையில், பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் இஞ்சின் தொங்குகிறது. எப்படிக் கழட்டினார்கள் என்று கேட்காதீர்கள். கழட்டுவதற்குப் புத்தி வேண்டியதில்லை. ஸ்பேனர் இருந்தால் போதும்.

"அடப்பாவிகளா! கிண்டலுக்குச் சொன்னன்டா!" என்று ஓடினேன்.

அர்த்தநாரி என்னைப் பரிவோடு பார்த்தான். "கிண்டலோ நெசமோ, எடம் கெடச்சுதுங்களா இல்லீங்களாண்ணா?"

பார்த்தேன். கிடைத்திருந்தது. ஒரு கன்றுக்குட்டியைக் கட்டலாம்.

"இஞ்சின் இல்லாம காரு எப்படிடா போகும்?"

"போறதப் பத்தி அண்ணன் ஒண்ணுமே சொல்லலீங்களே. எடம் இருக்கோணும், அவ்வளவுதான்னு சொன்னாரு." மற்ற மூவரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள்.

நானே சென்னியப்பண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, உங்க காரு..." என்கிறதற்குள், "மறுபடியுமா!" என்று ஒரு அலறல். கட். அதற்கு மேல் என் தலையெழுத்தா? போய் என் புஷ்ஷைக் கடைந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பட்டுச்சட்டை, கரைவேட்டியோடு சென்னியப்பண்ணனும் பட்டுச்சேலையில் அவர் சம்சாரம் பூங்கொடியம்மாவும் வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டெல்லாம் பண்ணையின் தீவன லாரியில் பட்டறை வரைக்கும் வந்திருந்தன. பையனும் ஒறம்பரையும் முன்னாடியே வேனில் பெருந்துறை போய்விட்டார்கள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அர்த்தநாரி பின்மூடியைத் தூக்கினான். உள்ளே மாதேசு ஏழடுக்கு ஷெல்ஃப் செய்து, சிவப்பு வெல்வெட் ஒட்டி, தட்டு நழுவாமல் பித்தளைக் கம்பி போட்டிருந்தான். இருபத்தொரு தட்டும் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. வெற்றிலைபாக்கு, தேங்காய், பழம், பூ, சேலை, எல்லாம். சென்னியப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அர்த்தநாரி, நீ மனுசனே இல்லடா! அந்த நஞ்சப்பன் மூஞ்சியப் போயிப் பாக்கறன் இன்னைக்கு!"

சந்தோசத்தில் அவர் முன்பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. சம்சாரத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

"பேட்டரி போச்சாடா?"

"பேட்டரி இருக்குதுங்க. அது சின்னதுதானுங்களே, எடத்த அடைக்கல."

"பின்ன என்ன கேடு?"

"ஒரு கேடுமில்லீங்க. இஞ்சின் மட்டுந்தான் இல்ல."

மூலையில் கை காட்டினான். அங்கே இஞ்சின், கியர்பாக்ஸோடு, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பத்தோடு உட்கார்ந்திருந்தது. சென்னியப்பண்ணன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. அவர் அழுததை நான் பார்த்தேன்; பொய் சொல்லக்கூடாது, எனக்கே பாவமாக இருந்தது. "சபைல சொல்லிட்டு வந்தனேடா! பத்து ஊரு ஒறம்பரை முன்னால நான் மண்ணக் கவ்வோணுமாடா!"

"தட்டெல்லாம் வந்த லாரிலயே ஏத்திட்டுப் போயிரலாமுங்க, நேரமாகுது" என்றார் பூங்கொடியம்மா. அன்றைக்கு அந்தப் பட்டறையில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை அதுதான்.

"முடியாது! சொன்னது சொன்னதுதான்! தட்டு இந்தக் கார்லதான் வரும், நானும் இந்தக் கார்லதான் வருவேன்! கார லாரில ஏத்துங்கடா!"

அதுவரைக்கும் முட்டாள்கள் நாலு பேர் என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன்.

"அந்தக் கருமத்தையும் தூக்கிப் போடுங்கடா! அது இல்லாம காரு எங்கியும் போகாது!" என்று இஞ்சினைக் காட்டினார். பலகை சாய்த்து, காரைத் தள்ளி ஏற்றினார்கள். முன்பக்கம் முன்னால் இருக்க வேண்டுமென்று, இஞ்சின் இருந்த பக்கம் லாரி கேபினைப் பார்க்க, பானெட் ரோட்டைப் பார்க்க நிறுத்திக் கட்டினார்கள். நாலு பேரும் இஞ்சினுக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். என்னையும் அழைத்திருந்தார்கள், மேலும், இதைப் பார்க்காமல் வீட்டில் இருக்க என்னால் ஆகாது.

லாரி பெருந்துறை போகிற வரைக்கும் சென்னியப்பண்ணன் காருக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ்ஸும் லாரியும் பானெட்டில் 'ஒலி எழுப்பவும்' என்று படித்துவிட்டு விடாமல் ஹாரன் அடித்தார்கள். ஊரே தனக்கு வாழ்த்துச் சொல்கிறது என்று நினைத்து அவர் கையாட்டிக்கொண்டே வந்தார். வளைவு வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கையும் திருப்பினாராம். பூங்கொடியம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வந்ததாக அவரே பிற்பாடு சொன்னார்.

பத்து மணிக்கு வாசலில் போய் நின்றோம். நஞ்சப்பன் வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார். லாரி மேலே காரைப் பார்த்தார். காருக்குள்ளே சம்பந்தியைப் பார்த்தார். மீசை ஒருதரம் துடித்தது. "சொன்னபடியே கார்லயே வந்துட்டீங்களே சம்பந்தி! வாங்க, வாங்க!" என்றார். சென்னியப்பண்ணன் ஏணி வைத்து இறங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். போகிற போக்கில் திரும்பி, "மேல இருக்கறத ஒண்ணு விடாம தட்டுல வெச்சு உள்ள கொண்டாங்கடா" என்றார்.

'ஒண்ணு விடாம' என்று இவர்களிடம் போய்ச் சொல்லலாமா?

இருபத்தொரு தட்டும் இறங்கின. அர்த்தநாரி லாரி மேலே பார்த்தான். "இன்னும் ஒண்ணு இருக்குது." லாரியின் பின்கதவைக் கழட்டி, துணி விரித்து, இஞ்சினை அதில் இறக்கி வைத்தார்கள். எட்டுப் பேர் தூக்கினால்தான் அசைந்தது. வாசல்படி வரைக்கும் போய், அர்த்தநாரி சட்டென்று நின்றான்.

"எண்ணிப் பாருங்கடா. இருபத்திரண்டு."

"ஐயோ, ரெட்டப்படை!" என்றான் மாதேசு. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இது பச்சைக்குழந்தைக்குத் தெரியும். இவர்களுக்கும், பாருங்கள், இது ஒன்று தெரிந்திருந்தது.

"ஒரு தட்டை வெளிய வெச்சுரலாமுங்களா?" என்றான் சீரங்கன்.

"ஒண்ணு விடாமன்னு சொல்லியிருக்காரு."

"அப்ப ஒண்ணு சேக்கோணும்."

"சேக்கறதுக்கு என்ன இருக்குது?"

"இஞ்சினையே வெளிய வெய்யிங்கடா!" என்று நான் கத்தினேன். நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மணி பத்தேகால். வையாபுரி யோசித்தான். அவன் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். பந்தலுக்கு அடியில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், நாலு பேரும் குந்தி உட்கார்ந்து, பத்தே நிமிசத்தில் கியர்பாக்ஸைத் தனியாகப் பிரித்து, லாரியில் கிடந்த தீவனத் தட்டில் வைத்தார்கள். இருபத்தி மூன்று.

பத்து இருபத்தேழுக்குத் தட்டு சபைக்குள் போனது. அருமைக்காரர், சடங்கு நடத்துகிற பெரியவர், ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வாங்கினார். "வெத்தல பாக்கு. தேங்கா. மஞ்சள் கொத்து. பட்டுச்சேலை..." கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொருதரம் பார்த்தார். "இஞ்சின் ஒண்ணு. கியர்பாக்ஸ் ஒண்ணு." தட்டு என்று வந்தால் பொட்டு வைத்துத்தானே ஆகவேண்டும்? பெண்ணின் அத்தை ரெண்டுக்கும் குங்குமம் வைத்தார். நாதஸ்வரக்காரர் வாயை எடுத்துவிட்டார்.

சென்னியப்பண்ணன் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சபை முழுவதும் நஞ்சப்பன் முகத்தைப் பார்த்தது. அவர் எழுந்து வந்து இஞ்சினைக் குனிந்து பார்த்தார்.

"மொத்தம் எத்தன தட்டு?"

"இருபத்தி மூணுங்க" என்றான் அர்த்தநாரி.

நஞ்சப்பன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "ஒத்தப்படைதான். உள்ள கொண்டு போங்க."

நிச்சயம் முடிந்தது. வெளிநாட்டு இஞ்சின் பெண் வீட்டுப் பூஜையறைக்குப் போய்விட்டது. சீராக வைத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சென்னியப்பண்ணன் வாய் திறக்க முடியாமல், வந்த மாதிரியே லாரி மேலே காரில் உட்கார்ந்து வீடு திரும்பினார். வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு.

எட்டு நாள் கழித்து நஞ்சப்பன் தன் மஞ்சள் மண்டி லாரியை ஓட்டிக்கொண்டு எதிர்ப் பட்டறையில் வந்து நின்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு மனுசனாவது புத்தியோடு இஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார் என்று எழுந்து போனேன்.

"வாங்க மேஸ்திரி" என்றார் அர்த்தநாரியிடம். "மாப்பள வீட்டுல இஞ்சினே சீரா வெச்சுட்டாங்க. மறுசீருல நாங்க கொறஞ்சு போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? இந்த லாரி இஞ்சினும் கியர்பாக்ஸும் கழட்டிக் குடுங்க. மத்ததெல்லாம் இருபத்திரண்டு தட்டு வீட்டுல தயாரா இருக்குது."

நான் அப்படியே திரும்பி என் பட்டறைக்கு நடந்தேன். வாயைத் திறக்கவே இல்லை. ஒருதரம் பட்டது போதும். லேத்தைப் போட்டுவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தேன். எதிரே விரல் விட்டு எண்ணுகிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு, இருபத்தி மூன்று, இருபத்தி நாலு. அப்புறம், "ஐயோ, ரெட்டப்படை!" என்று மாதேசு குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். அஞ்சு பேரும் ரோட்டைத் தாண்டி வந்து என் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அர்த்தநாரி தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, கையில் ஸ்பேனரோடு கேட்டான்:

"அண்ணா, உங்க லேத்துக்கு அடியில அந்த மோட்டார் எடத்தத்தானுங்களே அடச்சுட்டு நிக்குது?"